பாதை யார் பெயரில் இருக்கிறது?

சென்னை வீட்டை விற்றுவிட்டு ஊர்ப்பக்கம் போய் நிம்மதியாக இருக்கப்போகிறோம் என்று யார் சொன்னாலும் நான் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: வாங்கப்போகிற நிலத்துக்கு வண்டிப்பாதை இருக்கிறதா? இருக்கிறது என்பார்கள். அந்தப் பாதை யார் பெயரில் இருக்கிறது என்று அடுத்ததாகக் கேட்பேன். இதற்குச் சட்டென்று பதில் சொன்னவர்களை நான் இன்னும் பார்க்கவில்லை. இந்த ஒரு கேள்வியை எங்களிடம் யாரும் கேட்காததால் ஒன்றரை வருட நிம்மதியும், பிள்ளைகள் பெயரில் போட்டு வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதியும் போயின.

எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் தரைத்தளத்தில் எங்கள் வீடு. 2015 டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் வந்தது. நனைந்துபோன சான்றிதழ்களை இஸ்திரிப் பெட்டியால் காய வைத்துக்கொண்டிருந்த ராத்திரியில்தான் இந்த ஊர் போதும் என்று நானும் என் கணவரும் முடிவு செய்தோம். இவருக்குக் கணினி வேலை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. மத்தளம்பாறையில் ஸோஹோ 2011இல் அலுவலகம் திறந்த பிறகு இந்த மாதிரி வேலையைத் தென்காசிப் பக்கம் இருந்துகொண்டும் பார்க்கலாம் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இவரோடு படித்தவர்கள் சிலர் அங்கே குடியேறி நன்றாக இருக்கிறார்கள். எங்கள் இருவருக்கும் அது சொந்த ஊர் இல்லை, ஒரு சொந்தக்காரரும் கிடையாது. இருந்தும் பாவூர்சத்திரத்துக்கும் தென்காசிக்கும் நடுவில் ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுத்தோம். 2024 மே கடைசியில் சாமான்களை ஏற்றினோம்.

வீடு மாற்றுவது, பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்குவது, ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் முகவரி மாற்றுவது, கேஸ் இணைப்பை மாற்றுவது எல்லாம் நடக்கிற வேலைகள்தான். இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றால் முடிந்துவிடும். இவற்றுக்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தூக்கத்தைக் கெடுத்தது நிலம்.

குடிவருவதற்கு முன்பே, மாசி மாதத்தில் அறுபத்திரண்டு சென்ட் வாங்கிவிட்டோம். முதலில் வாடகைக்கு வந்து இருந்து பாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. மாறாக, இன்னும் ஆறு மாதம் போனால் விலை இரண்டு மடங்காகிவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தரகர் சொன்னார், எங்கள் குடும்பத்திலேயே விவரம் தெரிந்தவர் என்று பெயரெடுத்தவரும் சொன்னார். நாங்கள் போன நேரத்தில் இடம் பச்சைப்பசேல் என்று இருந்தது. முந்தைய மார்கழியில் தென்மாவட்டங்களில் பெய்த பேய்மழையில் கிணறு விளிம்பு வரை நிறைந்திருந்தது. பதினெட்டுத் தென்னை, இரண்டு மா, மேற்கே ஓடை, அதற்கப்பால் மலை. நான் அங்கேயே மனத்துக்குள் வீடு கட்டிவிட்டேன்.

நிலத்துக்குப் போகும் வழியில் ஒரு வயல் இருந்தது. வயலின் ஓரமாக மாட்டுவண்டி போய்வந்த தடம். அந்தத் தடத்தில்தான் தரகரின் காரில் போனோம். பாதை இதுதானா என்று இவர் கேட்டார். “மாமூல் பாதைதான் சார், காலங்காலமா எல்லாரும் போய்ட்டு வந்துட்டுதானே இருக்காங்க” என்றார் தரகர். பத்திரத்திலும் ‘மாமூல் வழிநடைப் பாத்தியம் உள்பட’ என்று ஒரு வரி இருந்தது. முப்பது வருடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. பட்டா விற்பவர் பெயரில் இருந்தது. எங்கள் குடும்பத்து விவரமானவர் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றார். அப்படியே வாங்கினோம்.

வாங்கிய பிறகு தேங்காய் பறிக்கவும் சும்மா உட்கார்ந்துவிட்டு வரவும் ஸ்கூட்டரில் போய் வந்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தை மாதம் வீட்டு வேலை தொடங்க முதல் லாரி எம்-சாண்டு ஏற்றிக்கொண்டு வந்தது. வயலின் முனையில் கருவேல முள் வெட்டிப் போட்டிருந்தது. பக்கத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வயல் அவருடையது. லாரிக்காரர் அரை மணி நேரம் நின்றார். பிறகு மணலை ஊர்ச் சாவடிக்குப் பக்கத்தில் கொட்டிவிட்டுப் போய்விட்டார். அந்த மணலில் ஊர்ப் பிள்ளைகள் பல மாதம் விளையாடினார்கள். மழையில் பாதி கரைந்து சாக்கடையில் போனது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் புலப்படத்தை எடுத்துப் பார்த்தோம். அரசாங்கத்தின் இணையத்தளத்திலேயே மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் போட்டால் பட்டாவோடு சேர்ந்து வருகிற படம். காசு கிடையாது, அலுவலகப் படியேற வேண்டியதில்லை. அதில் எங்கள் நிலத்தைச் சுற்றிக் கிழக்கும் வடக்கும் தெற்கும் அடுத்தவர்களின் பட்டா நிலம், மேற்கே ஓடைப் புறம்போக்கு. பாதை என்று ஒரு கோடுகூட இல்லை. நாங்கள் காரில் போன தடம் முழுக்க அந்தப் பெரியவரின் உட்பிரிவுக்குள் இருந்தது. விற்றவர் தன்னிடம் இல்லாத ஒன்றைப் பத்திரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார். இல்லாத பாத்தியத்தைப் பத்திரத்தில் எழுதினால் அது வந்துவிடாது. வில்லங்கச் சான்று சொல்வதெல்லாம் பதிவான கிரயம், அடமானம், தானம் போன்றவற்றைத்தான். வழி இருக்கிறதா இல்லையா என்று அது சொல்லாது. விவரமானவருக்கு இது தெரியாமல் போனதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வக்கீலிடம் போனோம். 1882ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, அடுத்தவர் நிலத்தின் வழியாகப் போய்வரும் உரிமைகளைப் பற்றியது. இருபது வருடம் தொடர்ந்து, வெளிப்படையாக, உரிமையோடு நடந்திருந்தால் பாதையைக் கேட்கலாம். ஒரே நிலமாக இருந்து பிரிந்தது என்றால், வேறு வழியே இல்லை என்று காட்டியும் கேட்கலாம். எங்களுக்கு இரண்டிலும் சிக்கல். பெரியவரிடம் அனுமதி கேட்டுத்தான் பழைய சொந்தக்காரர்கள் போய்வந்தார்கள் என்று ஊரே சாட்சி சொல்லும். அனுமதியோடு நடந்தது எத்தனை வருடமானாலும் உரிமை ஆகாது. இரண்டு நிலமும் ஒரு காலத்திலும் ஒரே கையில் இருந்ததில்லை. போதாததற்கு, ஓடை வழியாக ஆள் நடந்து போகலாம், லாரிதான் போகாது. கேஸ் போடலாம் என்றார் வக்கீல். ஆனால் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் எங்களை உட்கார வைத்து, “கேஸ் போட்டா உங்க மக கல்யாணம் வரைக்கும் ஓடும், அப்புறமும் அந்த ஊர்லதான நீங்க இருக்கணும்?” என்று கேட்டார். எங்களுக்கு அந்த ஊரில் கிடைத்த நல்ல யோசனைகளில் அதுதான் முதலாவது.

நான் தனியாகப் போய்ப் பெரியவரைப் பார்த்தேன். ஊரில் எல்லோரும் பாட்டையா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். தொழுவத்தில் மாட்டுக்கு வைக்கோல் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நான் பத்திர நகலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “முந்தி இருந்தவன் என்கிட்ட கேட்டுக்கிட்டு நடந்தான். நீங்க காயிதத்தக் காட்டுதிய. வாங்குததுக்கு முன்னால ஒரு வார்த்தை வந்து கேட்டியளா தாயி?” என்றார். வைக்கோல் தூசி என் கண்ணில் விழுந்து கலங்கியது. அழுகிறேன் என்று நினைத்து அவர் வீட்டு ஆச்சி உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்றைக்கு அவ்வளவுதான்.

பேச்சு முடிய ஆவணி ஆனது. பன்னிரண்டு அடி அகலம், இருநூற்றுப் பத்து அடி நீளம், ஆறு சென்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு நாங்கள் கொடுத்தது, எங்கள் நிலத்தில் இருபது சென்ட் வாங்கிய விலை. அதற்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சர்வேயர் அளந்து உட்பிரிவு செய்து புது எண் விழுகிற வரை அலைச்சல். பாட்டையாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வயலில் நெல் விளைகிற மண்ணைத்தான் நாங்கள் லாரி ஓட்டக் கேட்டோம். தரகரைத்தான் குறை சொல்கிறேன். அவருக்குத் தெரியும். அந்த இடம் அதற்கு முன்பே இரண்டு பேருக்குக் காட்டப்பட்டு, இதே காரணத்துக்காகக் கைவிடப்பட்டது என்று டீக்கடையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நாங்கள் டீக்கடையில் உட்காராமல் காரிலேயே வந்து காரிலேயே போனோம்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. புலப்படத்தில் நிலத்திலிருந்து அரசாங்கச் சாலை வரை பாதை வரைந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதை என்று தனி எண் இருந்தால் ‘அ’ பதிவேட்டில் அது புறம்போக்கா, யார் பெயரிலாவது பட்டாவா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேளுங்கள். பட்டா நிலம் வழியாகத்தான் போக வேண்டுமென்றால் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அந்தச் சொந்தக்காரரைப் பாருங்கள். வெறும் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். முடிந்தால் பாதையைக் கிரயமே வாங்குங்கள், இரண்டு பத்திரமும் ஒரே நாளில் பதிவாகட்டும். தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம், அதனால் வாங்கத் தடை ஏதும் இல்லை. ஆனால் பஞ்சமி நிலமா, கோயில் நிலமா, பூமிதான நிலமா என்பதை ஊர்க்காரர்களிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அதைத் தரகர் சொல்ல மாட்டார்.

கிணறு பற்றி ஒரு வார்த்தை. எங்களுடையது கூட்டுக் கிணறு, நாலில் ஒரு பங்கு. மின் இணைப்பு எப்போதோ காலமான ஒருவர் பெயரில் இருந்தது. முறை வைத்துத்தான் மோட்டார் போட வேண்டும். யார் முறை எந்தக் கிழமை என்பது எந்தத் தாளிலும் இல்லை, பங்காளிகள் நான்கு பேர் மனத்தில் இருந்தது. மாசியில் நிறைந்து கிடந்த கிணறு சித்திரையில் அடிப்பாறையைக் காட்டியது. கிணற்றைப் பார்க்கப் போகிறவர்கள் சித்திரையிலோ வைகாசியிலோ போங்கள். அப்போது தண்ணீர் இருந்தால் எப்போதும் இருக்கும்.

தென்காசி என்றால் சாரல் என்று ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கும் சொல்ல வேண்டும். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும்போது குற்றாலத்தில் அருவி கொட்டும், எங்கள் ஊரில் பன்னீர் தெளித்தமாதிரி இருக்கும். அருமைதான். ஆனால் ஆடிக் காற்று வேறு. ஆலங்குளம், சுரண்டைப் பக்கம் காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்? தகர ஷெட் தூக்கிக்கொண்டு போகும், வாழை ஒடியும், மின்சாரம் நின்று நின்று வரும். இவருடைய வேலைக்கு இன்வெர்ட்டரும் இரண்டு வேறு இணைய இணைப்பும் இல்லாமல் முதல் ஆடியைத் தாண்டியிருக்க முடியாது. மழைக்காலத்தில் துணி மூன்று நாளானாலும் காயாது. பெரிய நோய் என்றால் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தாண்டித் திருநெல்வேலிக்குத்தான் ஓட வேண்டும். வயதான பெற்றோரைக் கூட்டி வருகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் படிப்பைப் பற்றி எங்கள் சொந்தத்தில் பேசாத பேச்சு இல்லை. மகளை ஆறாம் வகுப்புக்கும் மகனை இரண்டாம் வகுப்புக்கும் அரசுப் பள்ளியில் சேர்த்தோம். பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்கிறோம் என்று ஒரு கல்யாண வீட்டில் பந்தியிலேயே சொன்னார்கள். அவர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். மகளின் வகுப்பு ஆசிரியை பிள்ளைகளின் வீட்டுக்கே வந்து பேசுகிறார். மகனுக்குப் பள்ளியிலேயே காலை உணவு. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம் அது. முடிச்சூரில் காலையில் அவனுக்கு ஒரு இட்லி ஊட்ட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இங்கே சேக்காளிகளோடு உட்கார்ந்து தட்டை வழித்துச் சாப்பிடுகிறான். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020இலிருந்து இருக்கிறது, மறு வருடம் பொறியியலுக்கும் வந்தது. ஏழாம் வகுப்பில் வந்து சேர்ந்தால் அது கிடைக்காது. அதனால் கிளம்புவதென்று முடிவெடுத்தவர்கள் மூத்த பிள்ளை ஐந்தாம் வகுப்பு முடிக்கும்போது கிளம்புங்கள். தமிழில் எழுத மகள் முதல் பருவத்தில் கஷ்டப்பட்டாள். அரையாண்டில் சரியாகிவிட்டது.

நிதானமான வாழ்க்கை கிடைத்ததா என்று கேட்பவர்களுக்கு: கிடைத்தது. காலையில் ஐந்து பேர் வீட்டுக் கோலத்தைப் பார்த்துவிட்டுத்தான் என் கோலத்தைப் போடுகிறேன். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளாவுக்கு லாரி ஏறுகிற காய்கறியில் ஒரு பை எங்கள் வீட்டுக்கு வருகிறது. ஓணம் சமயத்தில் மட்டும் விலை ஏறும். ஆடி மாதம் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்தால் சைக்கிளில் போய்ப் பார்க்கிறோம். ஞாயிற்றுக்கிழமை உளுந்தஞ்சோறு. தோலோடு கறுப்பு உளுந்து, பூண்டு, வெந்தயம், தேங்காய் போட்டு அரிசியோடு வேகவைத்து, எள்ளுத் துவையல் அரைத்து, நல்லெண்ணெய் விட்டுச் சாப்பிட வேண்டும். உளுந்தை வாசம் வரும்வரை வறுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டு மதினி.

அந்த மதினியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் எழுதியது பொய்யாகிவிடும். அவர் பீடி சுற்றுகிறவர். இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். மடியில் சொளவு, அதில் நனைத்து வெட்டிய இலை, தூள், நூல்கண்டு. விரல் தானாக ஓடும். என்னிடம் பேசும்போதும் நிற்காது. ராத்திரி பத்து மணிக்கும் வாசல் விளக்கடியில் சுற்றிக்கொண்டிருப்பார். காலையில் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் அங்கே கழித்தது போக மிச்சத்துக்குத்தான் கூலி. கிராமத்தில் எல்லோரும் மெதுவாக வாழ்கிறார்கள் என்று காணொளி போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது. இங்கே மெதுவாக இருப்பவர்கள் நாங்கள்தான். மாதம் பிறந்தால் இவர் சம்பளம் வங்கியில் விழுகிறது, அதனால் முடிகிறது. நிலத்தை நம்பி, தேங்காயை நம்பிக் குடும்பம் நடத்தலாம் என்று வேலையை விட்டுவிட்டு வராதீர்கள். ஒரு வருமானம் கையில் இருக்கட்டும்.

ஊரில் எங்களுக்கு நல்லது கெட்டது சொல்ல ஆள் கிடைத்தது மதினி மூலமாகத்தான். பாட்டையாவிடம் பேச்சு முடிந்ததிலும் அவர் பங்கு பெரிது. ஆச்சியும் அவரும் ஒரே தெருவில் பிறந்தவர்கள். இந்த மதினியை நாங்கள் வாடகை வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். நிலம் வாங்கும் முன்னால் அதே வாடகை வீட்டில் ஆறு மாதம் இருந்திருந்தால், அந்த இடத்துக்குப் பாதை கிடையாது என்பதை அவர் வாசலில் உட்கார்ந்தே தெரிந்துகொண்டிருப்பேன். ஒரு பைசா செலவாகியிருக்காது.

ஆகவே சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ கிளம்ப நினைக்கிற ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்டுக்கொள்கிறேன். விற்ற பணத்தை வங்கியில் போடுங்கள். ஊருக்குள் ஒரு வாடகை வீடு பாருங்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டு ஆடிக் காற்று, ஐப்பசி மழை, சித்திரை வெயில் மூன்றையும் அங்கேயே இருந்து பாருங்கள். விலை ஏறிவிடும் என்று அவசரப்படுத்துகிற தரகரை அனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகும் நிலம் வாங்கும் ஆசை இருந்தால், புலப்படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பாதையில் நடந்தே போங்கள். வழியில் யாருடைய வயல் இருக்கிறதோ அவர் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.